மழைநாளில் கேளிக்கைப் பூங்கா: வாசலிலேயே சொல்லிவிடட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் குடும்பத்தோடு சென்றுவரத் தக்க இடங்களைப் பற்றித் தங்கள் நாளிதழ் எழுதிவருகிறது. அவற்றில் கேளிக்கைப் பூங்காக்களுக்கு எப்போதும் தனி இடம் உண்டு. எந்த ரைடு எவ்வளவு உயரம், எந்தச் சறுக்கு எவ்வளவு நீளம், எத்தனை வயதுக் குழந்தையை எதில் ஏற்றலாம் என்றெல்லாம் விவரம் தரும் அக்கட்டுரைகள், மழை பெய்தால் அங்கே என்ன நடக்கும் என்பதை மட்டும் சொல்வதில்லை. குடும்பத்தில் எல்லோருக்கும் ஒத்துவரும் நாள் அபூர்வமாகத்தான் அமைகிறது; அந்த நாளுக்கு டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுகிறோம்; அன்றைக்கென்று பார்த்து வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. வாசல் வரை வந்தவர்களைத் திருப்பி அனுப்பப் பூங்காக்காரர்களுக்கும் மனம் வருவதில்லை, எடுத்த டிக்கெட்டை வீணாக்க நமக்கும் மனம் வருவதில்லை. இந்த நிலையில் பூங்காவை நடத்துவோர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மழைநாளில் எது ஓடும், எது ஓடாது, ஏன் ஓடாது, ஓடாமல் போனால் வந்தவர்களுக்கு என்ன வழி என்பதை நுழைவாயிலிலேயே, டிக்கெட்டைச் சரிபார்ப்பதற்கு முன்பே, எல்லோரும் படிக்கும்படி எழுதிவைக்க வேண்டும். அதை வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அண்மையில் என் கணவர், மாமியார், இரண்டு குழந்தைகள் ஆகியோருடன் ஒரு பூங்காவுக்குச் சென்றிருந்தேன். காலையிலேயே தூறல் தொடங்கிவிட்டது. நுழைவாயிலில் பையைச் சோதித்தார்கள், கையில் காகிதப் பட்டை கட்டினார்கள், குழந்தைகளின் உயரத்தைக் கூட அளந்து பார்த்தார்கள்; வெளியில் உள்ள பெரிய ரைடுகள் எவையும் அப்போது இயங்கவில்லை என்பதை மட்டும் ஒருவரும் வாய்திறந்து சொல்லவில்லை. உள்ளே நடந்து சென்று ஒவ்வொரு ரைடின் வாயிலிலும் குறுக்கே மாட்டியிருந்த சங்கிலியைப் பார்த்துத்தான் நாங்களாகத் தெரிந்துகொண்டோம். ரோலர் கோஸ்டரின் வாயிலில் நின்றிருந்த இளைஞரிடம் எப்போது திறப்பார்கள் என்று கேட்டேன். "மேலிடத்தில் இருந்து சொன்னால் திறப்போம், மேடம்" என்றார். அவருக்கு இருபது வயதுக்கு மேல் இருக்காது. அந்தப் பதிலையே அவர் அன்று முழுவதும் வந்தவர் போனவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்திருப்பார். பிற்பகலில் மழை முற்றிலும் விட்டு, தரை காயத் தொடங்கிய பிறகும் சங்கிலி அகற்றப்படாததைக் கண்டு, ஒரு தந்தை அந்த இளைஞரைக் கண்டபடி ஏசினார். மழைதான் நின்றுவிட்டதே, வேலை செய்யச் சோம்பல்பட்டுக்கொண்டு நிற்கிறீர்களா என்பது அவர் கேள்வி. சுற்றி நின்றவர்களில் பலர் அவர் பக்கமே பேசினார்கள்.

உண்மையில் அந்த இளைஞர் செய்ததே சரி. அது ஏன் சரி என்பதை அவருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை, நமக்கும் சொல்லவில்லை என்பதுதான் குறை. மழையை விட இடி மின்னலுக்கே இத்தகைய இடங்களில் முதலில் அஞ்ச வேண்டும். மின்னல் பாயும் பாதையில் உள்ள காற்று ஒரு கணத்தில் ஏறத்தாழ 30,000 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுகிறது. சூரியனின் மேற்பரப்பை விட அது ஐந்து மடங்கு வெப்பம். மழை மேகம் தலைக்கு மேல் இருந்தால்தான் மின்னல் தாக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். மழை பெய்யும் இடத்திலிருந்து 15 கிலோமீட்டர் தள்ளிக்கூட மின்னல் இறங்குவது உண்டு. இடி ஓசை காதில் விழும் தொலைவில் நாம் இருந்தாலே மின்னல் எட்டும் தொலைவில் இருக்கிறோம் என்று பொருள். எனவேதான், கடைசியாக இடி கேட்ட நேரத்திலிருந்து 30 நிமிடம் கழிந்த பிறகே திறந்தவெளிக்கு வர வேண்டும் என்று வானிலைத் துறைகள் அறிவுறுத்துகின்றன. இருபத்தெட்டாவது நிமிடத்தில் எங்கோ மெல்ல ஓர் உறுமல் கேட்டால் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த பிறகும் சங்கிலி தொங்குவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். ஊர்ப் பரப்பிலேயே உயரமான இரும்புக் கட்டுமானம் ஒன்றின் உச்சியில், ஈரம் சொட்டும் இருக்கையில் குழந்தையோடு அமர்ந்திருப்பதை எண்ணிப் பார்த்தால் அரைமணி நேரக் காத்திருப்பு பெரிதாகத் தோன்றாது.

ராட்சத ராட்டினத்தை மற்றவற்றை விட முன்னதாகவே நிறுத்துகிறார்களே என்று கேட்பவர்களும் உண்டு. அதற்கும் விடை எளிது. அதில் ஏறியவர்களை ஒரே நேரத்தில் இறக்க முடியாது. ஒவ்வொரு பெட்டியாகக் கீழே வந்துதான் ஆக வேண்டும். 135 மீட்டர் உயரமுள்ள லண்டன் ஐ ராட்டினத்தில் 32 கூண்டுகள் இருக்கின்றன. அது ஒரு சுற்றை முடிக்க ஏறத்தாழ 30 நிமிடம் எடுத்துக்கொள்கிறது. சிறிய ராட்டினங்களுக்கு நேரம் குறையலாம், ஆனால் முறை அதேதான். மின்னல் பக்கத்தில் வந்த பிறகு நிறுத்தலாம் என்று காத்திருந்தால் உச்சியில் இருப்பவர்கள் உச்சியிலேயே மாட்டிக்கொள்வார்கள்.

மின்னல் இல்லாத வெறும் மழையிலும் சில ரைடுகளை நிறுத்த வேண்டிய தேவை இருக்கிறது. ரோலர் கோஸ்டரின் பாதை பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பகுதியில் ஒரு வண்டி இருக்கும்போது அடுத்த வண்டி அதற்குள் நுழையக் கூடாது என்பது அடிப்படை விதி. இதற்கு ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் வண்டியைக் குறித்த இடத்தில் நிறுத்தும் பிரேக் இருக்க வேண்டும். வண்டியின் அடியில் உள்ள உலோகத் தகட்டை இறுகப் பற்றி நிறுத்தும் பழைய வகைப் பிரேக்குகளில், தகடு நனைந்தால் பிடிமானம் குறையும். அதே நேரத்தில் ஈரத் தண்டவாளத்தில் சக்கரத்தின் உராய்வு குறைந்து வண்டி வழக்கத்தை விட வேகமாக வரவும் கூடும். வேகம் கூடி, பிடிமானம் குறைந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. காந்தப் பிரேக் பொருத்திய புதிய வண்டிகளில் காந்தமும் உலோகத் தகடும் ஒன்றை ஒன்று தொடாமலேயே வேகம் தணிவதால் மழை அவற்றை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. ஆகவே ஒரே பூங்காவில் ஒரு ரோலர் கோஸ்டர் தூறலில் ஓடுவதும் பக்கத்தில் உள்ள இன்னொன்று நின்றுகிடப்பதும் முரண்பாடு ஆகாது. சில இடங்களில் முழுவதுமாக நிறுத்தாமல் வண்டிகளின் எண்ணிக்கையை மட்டும் குறைப்பார்கள். கூட்டம் குறைவாக இருந்தும் வரிசை நகராமல் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஏறுபவர்களின் உடலுக்கு ஏற்படும் துன்பமும் இதில் சேரும். பெரிய மழைத்துளி விழும் வேகம் மணிக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். நாம் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் பாயும்போது அத்துளிகள் முகத்தில் ஊசியாகக் குத்துகின்றன; கண்ணைத் திறக்கவே முடியாது. அபுதாபியில் 2010-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஃபெராரி வேர்ல்டு பூங்காவில், மணிக்கு 240 கிலோமீட்டர் வேகம் எட்டும் ஃபார்முலா ரோஸா என்னும் ரோலர் கோஸ்டரில் ஏறுவோருக்குக் கண்களைக் காக்கும் கண்ணாடியை அணிவித்தே அனுப்பினார்கள். அங்கே மழைக்குப் பதில் மணல். வேகம் கூடினால் மிகச் சிறிய பொருளும் வலிக்கும் என்பதில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. டாஷிங் கார்கள் மேலே உள்ள கம்பி வலையிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடுபவை. கூரை இருந்தாலும் சாரல் உள்ளே அடித்துத் தளம் நனைந்தால் அவற்றையும் நிறுத்துவார்கள்.

நீர்ச் சறுக்குகளை மட்டும் ஏன் மூட வேண்டும், எப்படியும் நனையத்தானே போகிறோம் என்று என் மகன் வாதாடினான். வயது பத்துதான் என்றாலும் வக்கீல் பேச்சு. தண்ணீரில் நிற்பவருக்கு மின்னல் இரட்டிப்பு ஆபத்து என்பதால் இடி கேட்டதும் முதலில் காலி செய்யப்படுவது நீச்சல் குளங்களும் நீர்ச் சறுக்குகளும்தான் என்று அவனுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. அவன் அதோடு விடவில்லை. மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்கி இடி கேட்டதும் நிறுத்தி, வந்த எண்ணை மூன்றால் வகுத்தால் மின்னல் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் இறங்கியது என்று தெரிந்துகொள்ளலாம் என அவன் தந்தை சொல்லிக்கொடுக்க, அதன் பிறகு மூடிய ரைடுகளைப் பற்றிய முணுமுணுப்பு நின்றுபோய், அடுத்த மின்னல் எப்போது வரும் என்ற எதிர்பார்ப்பு வந்துவிட்டது. ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ மூன்று நொடி ஆகிறது என்பதே இந்தக் கணக்கின் அடிப்படை. காரணம் தெரிந்தவுடன் குழந்தைகளே பொறுமையாகிவிடுகிறார்கள். ஏசிய அந்தத் தந்தையும் இக்காரணங்களை ஒரு பலகையில் படித்திருந்தால் பொறுமையாக இருந்திருப்பார் என்றே நம்புகிறேன்.

இனி, மழையில் வந்தவர்கள் ஒதுங்குவதற்கு என்ன ஏற்பாடு என்ற கேள்வி. நாங்கள் சென்ற பூங்காவில் கூரை என்று சொல்லத்தக்கவை குடைராட்டினத்தின் மேற்கூரையும், உணவுக்கூடமும், கழிப்பறை வராந்தாவும்தான். உணவுக்கூடத்தில் எதையாவது வாங்கினால்தான் உட்காரலாம் என்றார்கள். கழிப்பறை வராந்தாவில் கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டு தாய்மார்கள் சுவரோடு சுவராக நின்றிருந்தார்கள். என் மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. குடைராட்டினத்தை இயக்கிய பெண், வண்டி ஓடாத நேரத்தில் தேர் வடிவில் இருந்த இருக்கையைத் தன் கையாலேயே துடைத்து, "உட்காருங்கம்மா, நான் ஒன்றும் ஓட்டப் போவதில்லை" என்று அவரை அமர்த்தினார். விதியில் இல்லாத கருணை அது. பாட்டி வண்டி ஏறிவிட்டார் என்று என் மகள் கைதட்டிச் சிரிக்க, ஒதுங்கி நின்ற முன்பின் தெரியாதவர்களும் சிரித்தார்கள். அன்றைய நாளில் எங்கள் குடும்பத்தின் நினைவில் நின்றது அந்த ஒரு மணி நேரம்தான் என்றால் மிகையாகாது. ஆனாலும் ஒரு முதியவர் உட்காருவதற்கு ஊழியர் ஒருவரின் நல்ல மனத்தை நம்பியிருக்க வேண்டிய நிலையை நல்ல ஏற்பாடு என்று சொல்லிவிட முடியாது.

மழை பெய்யும் என்று தெரிந்தே கட்டப்பட்ட பூங்காக்கள் உலகில் இருக்கின்றன. 1983-ஆம் ஆண்டு ஏப்ரலில் திறக்கப்பட்ட டோக்கியோ டிஸ்னிலேண்டில், நுழைந்தவுடன் வரும் கடைவீதி முழுவதற்கும் கண்ணாடிக் கூரை போட்டிருக்கிறார்கள். 1955-இல் அமெரிக்காவின் அனாஹைம் நகரில் திறக்கப்பட்ட முதல் டிஸ்னிலேண்டில் அதே போன்ற வீதி திறந்த வானத்தின் கீழ் இருக்கிறது. ஜப்பானில் மழை அதிகம் என்பதை எண்ணியே வரைபடத்தை மாற்றினார்கள். தென்கொரியாவின் சியோல் நகரில் 1989-இல் திறக்கப்பட்ட லோட்டே வேர்ல்டு இதை விட ஒரு படி மேலே போய், பூங்காவின் பெரும்பகுதியையே கட்டடத்துக்குள் அமைத்துக்கொண்டது. வெளியே மழையோ பனியோ, உள்ளே ரைடுகள் ஓடிக்கொண்டிருக்கும். இவ்வளவு செலவை எல்லோராலும் செய்ய முடியாது என்பதை அறிவேன், அதைக் கேட்கவும் இல்லை. வரிசையில் நிற்கும் இடத்துக்குத் தகரக் கூரையும், ஒதுங்கும் இடத்தில் சில பெஞ்சுகளும், நீர் தேங்காமல் ஓட வடிகாலும், வழுக்கும் படிகளில் பிடிமானமுள்ள விரிப்பும் பெரிய முதலீடு ஆகாது. திறந்த பக்கங்களுடைய பந்தல் மழைக்கு உதவுமே அன்றி மின்னலுக்கு உதவாது என்பதால், இடிதாங்கி பொருத்திய, சுவர்கள் உள்ள கட்டடம் ஒன்றாவது எல்லோரும் தடையின்றி ஒதுங்கத் திறந்திருக்க வேண்டும். இடி இடிக்கும் நேரத்தில், எதையாவது வாங்கினால்தான் உட்காரலாம் என்ற விதியை உணவுக்கூடம் தளர்த்தியே ஆக வேண்டும்.

டிக்கெட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டிக்கெட்டின் பின்புறத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தில், தட்பவெப்பநிலை காரணமாகக் கட்டணம் திருப்பித் தரப்படாது என்று அச்சிட்டுவிட்டால் கடமை முடிந்துவிட்டதாகப் பல நிர்வாகங்கள் கருதுகின்றன. மழையைப் பூங்கா வரவழைக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காகப் பணத்தைத் திருப்பிக் கேட்பது எல்லா வேளையிலும் நியாயம் ஆகாது. தூறல் விழுந்த அரைமணி நேரத்துக்கெல்லாம் இழப்பீடு கொடுத்தால் எந்தப் பூங்காவும் நடக்காது. ஆனால் வெளிப்புற ரைடுகளில் பெரும்பாலானவை நாளின் பெரும்பகுதி மூடியே கிடந்தால், அதே டிக்கெட்டைக் கொண்டு வேறொரு நாள் வர அனுமதிப்பதில் நிர்வாகத்துக்குப் பெரிய நட்டம் இல்லை. கூட்டம் குறைந்த வேலைநாள் ஒன்றில் வரச் சொன்னால் அதுவும் இல்லை. இம்முறையை வெளிநாட்டுப் பூங்காக்கள் சில ஏற்கெனவே கடைப்பிடிக்கின்றன. எத்தனை மணி நேரம் மூடியிருந்தால் இந்தச் சலுகை கிடைக்கும் என்பதை முன்கூட்டியே வரையறுத்துவிட்டால் கவுன்ட்டரில் தகராறுக்கே இடமிருக்காது. முன்பதிவு செய்யாமல் நேரில் வருபவருக்கோ, உள்ளே போவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வாசல் பலகை ஒன்றே போதும்.

பெற்றோருக்கும் பொறுப்பு உண்டு. நனைந்த உடையோடு காற்றில் நிற்கும் குழந்தைக்கு நம்மை விட விரைவாகக் குளிரெடுக்கும். எடையோடு ஒப்பிட்டால் அவர்களின் தோல்பரப்பு அதிகம் என்பதால் உடல் வெப்பம் சீக்கிரம் வெளியேறிவிடுகிறது. விளையாட்டு மும்முரத்தில் குளிர்கிறது என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள், உதடு வெளுத்த பிறகுதான் நமக்குத் தெரியவரும். மாற்று உடையும் துண்டும் பையின் அடியில் பாலித்தீன் உறைக்குள் கிடக்கட்டும்; லாக்கர் இருந்தால் அதில் வைத்துவிடலாம். காற்றோடு பெய்யும் மழையில் குடையால் பயனில்லை, நெரிசலில் அடுத்தவர் கண்ணைக் குத்தாமல் இருந்தால் சரி. ரெயின்கோட் நல்லது, ஆனால் கோ-கார்ட் போன்ற, சக்கரமும் அச்சும் வெளியே தெரியும் வண்டிகளில் ஏறுமுன் அதைக் கழற்றிவிட வேண்டும், தொங்கும் முனை சக்கரத்தில் சிக்கினால் உயிருக்கே ஆபத்தாகும். இடி கேட்டால் மரத்தடிக்கு ஓடக் கூடாது. கட்டடம் அருகில் இல்லையென்றால் வாகன நிறுத்தத்தில் உள்ள, உலோகக் கூரையுடைய நம் காரோ பேருந்தோ பாதுகாப்பானது. கதவுகளையும் சன்னல்களையும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். ரைடு மூடியிருப்பதற்காக வாயிலில் நிற்கும் பிள்ளைகளைத் திட்டுவதையும் நாம் விட்டுவிடலாம். முடிவெடுப்பவர்கள் அவர்கள் அல்லர்.

மழைநாளில் பூங்காவுக்குப் போகவே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. மாலையில் இடி முற்றிலும் ஓய்ந்து, ஊழியர்கள் இருக்கைகளில் தேங்கிய நீரை வழித்துத் தள்ளி, ஆளில்லாத வண்டியைச் சிலமுறை ஓட்டிப் பார்த்த பிறகு ரோலர் கோஸ்டரைத் திறந்தார்கள். பாதிப் பேர் அதற்குள் வீடு திரும்பிவிட்டதால் வரிசையே இல்லை. இறங்கியவர்கள் அப்படியே சுற்றிவந்து மீண்டும் ஏறினார்கள். என் மகனும் கணவரும் தலை சொட்டச் சொட்ட, குரல் கம்மும் வரை கத்திவிட்டுத்தான் வந்தார்கள். வெயில் நாளில் இந்த வாய்ப்பு வாய்க்காது. காலையில் திரும்பிப் போன குடும்பங்களுக்கு, மாலையில் திறக்க வாய்ப்பிருக்கிறது என்று ஒரு வரி எழுதிவைத்திருந்தால் அவர்களில் சிலராவது காத்திருந்திருப்பார்கள்.

எனவே, விடுமுறைச் சிறப்புப் பக்கங்களைத் தயாரிக்கும் தங்கள் செய்தியாளர்கள் அடுத்த முறை பூங்கா நிர்வாகிகளிடம் பேசும்போது, மழைக்கும் இடிக்கும் அவர்கள் வைத்திருக்கும் விதி என்ன, அந்த விதி வாசலில் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டு, கிடைக்கும் பதிலை ரைடுகளின் பட்டியலுக்குப் பக்கத்திலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகி